முற்றத்தில் பிரித்துப் பூட்டிய மோட்டார்

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, விராலிமலை வட்டாரத்தின் வறண்ட பூமியில் அமைந்திருக்கும் ஆவூர், சரித்திரத்தில் பெயர் பெற்றதற்கும் மோட்டார் வண்டிக்கும் சம்பந்தம் ஏதும் இல்லை. மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைத் துறவியர் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஓர் ஆலயம் எழுப்பியதாலும், இத்தாலியில் பிறந்து தமிழில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அவ்வூரில் ஊழியம் செய்ததாலும், 1747-இல் எழுந்த பெரிய கோயிலின் ஈஸ்டர் தேர்த் திருவிழாவுக்கு மதபேதமின்றிச் சுற்றுப்புற ஜனங்கள் வந்து கூடுவதாலும் அதன் கீர்த்தி பரவியது. எனினும் தேர் ஓடுகிற எந்த ஊரையும் வாகனங்களின் சரித்திரத்துக்குப் புறம்பானதென்று ஒதுக்கிவிட முடியாது. வடம் பிடிப்போர் ஆயிரம் பேராயினும், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்தவர் சிலரே. அச்சு தேய்ந்திருக்கிறதா, ஆணி தளர்ந்திருக்கிறதா, மரம் வெடித்திருக்கிறதா என்று திருவிழாவுக்கு முன்பே தட்டிப் பார்த்துச் செப்பனிடும் தச்சரும் கொல்லரும் இல்லாவிட்டால், வடம் பிடிக்க வந்த ஆயிரம் பேரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அந்த உலகத்தில் வண்டியைச் செய்தவனும் அதைச் செப்பனிடுகிறவனும் ஒருவனே, அல்லது ஒரே தெருவைச் சேர்ந்த இருவர். மோட்டார் வந்தபோது இந்த ஒழுங்கு குலைந்தது. செய்தவன் கோவென்ட்ரியிலோ டெட்ராய்ட்டிலோ இருந்தான். செப்பனிட வேண்டியவன் புதுக்கோட்டைச் சாலையில் நின்றான். இருவருக்கும் நடுவே கிடந்த சமுத்திரத்தை நம்மவர்கள் எவ்வாறு கடந்தார்கள் என்பதை, இலேசான உடம்பும் எளிய யந்திரமும் கொண்ட ஒரு கார்க் குடும்பத்தின் கதையைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

சென்னை ராஜதானியில் மோட்டார்த் தொழில், குதிரை வண்டி கட்டிய பட்டறைகளிலிருந்தே கிளைத்தது. 1840-இல் தொடங்கப்பெற்ற சிம்ப்ஸன் கம்பெனி கோச்சு வண்டிகளுக்குப் பேர் போனது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். ஆனால் மோட்டாரை உள்நாட்டு ஊர்களுக்குப் பரிச்சயமாக்கிய பெருமை பஸ்ஸையே சாரும். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டபோது, ஆவூரையும் உள்ளடக்கிய புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்தது. சாலையில் மாட்டு வண்டிகளே அதிகம், அந்த மாடுகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகளோ ரப்பர் டயர்களுக்குப் பரம சத்துரு. வண்டி நின்றுவிட்டால் கம்பெனி ஆள் வருவான் என்று காத்திருக்க வழியில்லாத அந்தக் காலத்தில், டிரைவரும் கிளீனரும் சாலையோரத்துப் புளியமரத்தடியிலேயே யந்திர சாஸ்திரம் பயின்றார்கள்.

அதே காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஜி. டி. நாயுடு என்ற இளைஞர், ஓர் ஆங்கில அதிகாரி ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு அதை வாங்கி, வாங்கியதும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கியவர் அவர். பின்னாளில் பெரிய பஸ் கம்பெனிக்கும் பல யந்திர சாதனங்களுக்கும் கர்த்தாவாக விளங்கினார். அவர் அன்று செய்த காரியத்தில் தென்னாட்டு மோட்டார்க் கல்வி முழுவதும் சுருக்கமாக அடங்கியிருக்கிறது. புத்தகம் படித்துப் பொருளை அறிவது ஒரு மார்க்கம். பொருளைப் பிரித்து, பிரித்த வரிசை மறவாமல் திரும்பப் பூட்டி, மிச்சமாக ஒரு நட்டும் கையில் தங்காதபோது அறிந்துவிட்டதாகக் கொள்வது மற்றொரு மார்க்கம். நம்முடைய மெக்கானிக்குகள் பெரும்பாலும் இரண்டாவது மார்க்கத்தினர்.

இரண்டாம் உலக யுத்தம் அந்த வித்தையை மேலும் கூர்மையாக்கியது. பெட்ரோல் ரேஷனுக்கு உட்பட்டபோது, பஸ்ஸின் பின்புறத்தில் உருளை போன்ற அடுப்பைக் கட்டி, மரக்கரியை எரித்து எழும் வாயுவால் யந்திரத்தை ஓட்டினார்கள். புது டயர் அருகிப்போனபோது தேய்ந்த டயருக்கே மேல் ரப்பர் ஒட்டி மறுபடியும் ஓட விட்டார்கள். திருச்சியை அடுத்த பொன்மலையில் 1920-களின் பிற்பாதியில் எழுந்த ரயில்வே தொழிற்சாலை, லேத்து பிடிக்கவும் அரம் போடவும் அளவு பார்க்கவும் தெரிந்த ஒரு பரம்பரையையே அந்தப் பிராந்தியத்தில் உண்டாக்கியிருந்தது. கடையில் கிடைக்காத புஷ்ஷை லேத்துப் பட்டறையில் கடைந்து கொள்வதும், முறிந்த பட்டை ஸ்பிரிங்கைக் கொல்லுப் பட்டறையில் காய்ச்சி வளைத்துக் கொள்வதும் அக்காலத்தவருக்கு அன்றாட நியதி.

சுதந்திரத்துக்குப் பின் தேசத்தின் மோட்டார்க் கொள்கை மாறியது. இங்கேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள், பெட்டியில் வரும் உறுப்புகளைப் பூட்டி மட்டும் விற்கக்கூடாது என்று சுங்க வரிக் கமிஷன் 1953-இல் சிபாரிசு செய்ய, அமெரிக்கப் பெருங்கம்பெனிகளான ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதை ஒட்டியே விடைபெற்றுச் சென்றன. கார் என்ற வகையில் எஞ்சியவர் மூவர்: கல்கத்தாவுக்கு அருகே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். இறக்குமதியின் வாசல் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தால்தான் புது வண்டி கைக்கு வரும். ஆகவே, வந்த வண்டியை ஒருவர் சாமானியமாக விட்டுவிட மாட்டார். இங்கிலாந்தில் செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகப் பிறந்த எம்.ஜி. போன்ற இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார்கள் முன்பே இங்கு வந்து சேர்ந்திருந்தால், அவற்றுக்கும் இதே விதிதான்: உதிரி உறுப்பு கப்பலில் வராது, ஆதலால் பழையதைப் பழுது பார், முடியாவிட்டால் புதிதாகச் செய்.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான் 1961-இல் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது. அதன் பூர்வீகம் சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-ட்ரயம்ஃப் கம்பெனிக்கு உடற்கூடு செய்து கொடுத்து வந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிடவே, முழு உடம்பையும் ஒரே வார்ப்பாகச் செய்ய வகையின்றி, இரும்புச் சட்டமாகிய சேஸிஸைத் தனியாகவும், அதன்மேல் பூட்டும் உடம்பைப் பல துண்டுகளாகவும் அமைக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு நேர்ந்தது. அந்தத் துண்டுகளுக்கு அழகிய உருவம் கொடுத்தவர் டூரின் நகரத்துச் சித்திரக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-இல் அங்கே ட்ரயம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்த அந்த வண்டியில், கூரைகூட போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. மட்கார்டுகளோடு சேர்ந்த முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்தது. வண்டியோ இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பியது. ஆலை கைவிட்டுப் போனதால் நேர்ந்த இக்கட்டு, வீட்டில் வண்டியைப் பழுது பார்ப்பவனுக்குப் பெரும் சௌகரியமாக முடிந்தது.

அதே சேஸிஸைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த திறந்த உடம்பைப் பூட்டி, 1962-இல் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். எடை எழுநூறு கிலோவுக்குச் சற்று மேல். யந்திரம் ஹெரால்டின் வம்சத்தைச் சேர்ந்ததே, சற்றுப் பெரிதாக்கி, எஸ்.யூ. கார்புரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக வைத்தது. 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் வண்டிக்காக 803 கன சென்டிமீட்டர் அளவில் தோன்றிய அந்த யந்திரம், ஹெரால்டில் 948, ஸ்பிட்ஃபயரில் 1147 என வளர்ந்து கடைசியில் 1493 வரை போயிற்று. காலின் சாப்மன் தம் லோட்டஸ் எலானை இரும்பு முதுகெலும்பின்மேல் கண்ணாடி நார் உடம்பு வைத்து இலேசாக்கியபோதும், முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த உறுப்பை ட்ரயம்ஃப் குடும்பத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். அந்த எலானைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் இங்கிலாந்தில் விற்பனை வரி இல்லை. ஆகையால் குமாஸ்தாவும் உபாத்தியாயரும் தங்கள் கொட்டகையில் ஸ்போர்ட்ஸ் கார் பூட்டினார்கள். அங்கே மனிதனை ஸ்பானர் எடுக்க வைத்தது வரி. இங்கே எடுக்க வைத்தது தட்டுப்பாடு. காரணம் எதுவாயினும் கை கற்ற பாடம் ஒன்றே. வண்டலூர் ஹெரால்டு கடைசிவரை 948 அளவிலேயே நின்றதாயினும், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த தமிழ்நாட்டு மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயரின் உள்ளும் புறமும் அந்நியமாக இராது. ஸ்போர்ட்ஸ் காரைக் கண்ணால் காணாத ஊர்களிலும் அதன் வைத்தியம் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்று நான் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

அந்த வைத்தியத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முற்றத்தில் ஹெரால்டின் பானட்டைச் சாய்த்துவிட்டால், யந்திரம், ரேடியேட்டர், ஸ்டியரிங், முன் ஸ்பிரிங் எல்லாம் ஒருங்கே தரிசனம் தரும். முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். முதல் வேலை வால்வுகளின் இடைவெளி. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் பத்துப் பங்கு அளவுக்குத் தகடு நுழைய வேண்டும். எட்டு வால்வுகளையும் வரிசையாக எண்ணிக்கொண்டு, ஒன்றாவது முழுதும் அமுங்கியிருக்கும்போது எட்டாவதையும், மூன்றாவது அமுங்கியிருக்கும்போது ஆறாவதையும் சரிசெய்வார்கள். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பதாக வர வேண்டும் என்ற இந்த ஒரு கணக்கு தெரிந்தால், யந்திரத்தின் உள்ளே நடப்பதைக் காணாமலே பையன் ஒருவன் அதை ஒழுங்கு செய்துவிடுவான். பிறகு டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, பாயின்டை உப்புத்தாளால் இழைத்து, பதினைந்து பங்கு இடைவெளி வைத்து மூடினால், காலையில் இருமிக்கொண்டிருந்த வண்டி மாலையில் சீராகப் பேசும்.

இதைவிட முக்கியமான உறுப்பு, கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் இருக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடிப்பக்கம் திருகுமரையாக முடிந்து, ட்ரன்னியன் எனப்படும் வெண்கலத் துண்டுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் திருகு வெண்கலத்துள் சற்றே ஏறி இறங்கும். வண்டியின் பாரமெல்லாம் அந்த இடத்தில்தான். அதற்கு கிரீஸ் கூடாது. கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டியான ஆயிலைத்தான் துப்பாக்கி போன்ற பம்பால், ஓரங்களில் கசிந்து வரும்வரை செலுத்த வேண்டும். கிரீஸ் இறுகி மரைகளின் இடுக்குகளுக்குச் செல்லாமல் நின்றுவிடும். உள்ளே தண்ணீர் புகும். எஃகுத் தண்டு துருப்பிடித்து மெலியும். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிப்பதே பராமரிப்பு என்று பழகிய லாரி ஷெட்டுக்கு வண்டியை அனுப்பி வந்தவர்களைவிட, கைப்புத்தகத்தைப் பார்த்து வீட்டிலேயே ஆயில் விட்டவர்களின் ஹெரால்டு நெடுங்காலம் ஓடியதற்கு இது ஒரு காரணம். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிராக வெட்டப்பட்டவை. ஆகவே இரண்டையும் கலந்து வைத்துவிடாமல், பிரித்த உறுப்புகளை வெவ்வேறு டப்பாவில் போடும் ஒழுக்கமும் இந்த வேலையில் சேர்ந்ததே.

நம் சீதோஷ்ணம் கற்பித்த பாடங்கள் வேறு. கோவென்ட்ரியின் குளிருக்கு வகுத்த வண்டி சித்திரை வெயிலில் திருச்சிச் சாலையில் ஓடும்போது, யந்திரத்தின் பக்கவாட்டில் பூட்டிய பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, வண்டி நடுவழியில் நின்றுவிடும். அப்போது பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, சற்று நிழலில் நிறுத்தி, பின் கிளப்புவது தமிழ்நாட்டு டிரைவர் அனைவரும் அறிந்த சிகிச்சை. உதிரி உறுப்புகளும் காலக்கிரமத்தில் இங்கேயே பிறக்கலாயின. செம்பியத்தில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1960-ஐ ஒட்டி எழுந்த வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ். முதலிய ஆலைகள் பிஸ்டனும் சக்கரமும் டைனமோவும் செய்தன; சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் புதியதும், புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றியதும் கிடைத்தன. எங்கும் கிடைக்காததற்குக் காயலான் கடையும் லேத்துப் பட்டறையும் இருந்தன.

வேகத்தில் நாட்டமுள்ளவர்கள் இவ்வளவோடு நிற்கவில்லை. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாயிற்று. யுத்தகாலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அமைத்துக் கைவிடப்பட்ட விமான ஓடுபாதை அதன் பந்தயக் களமாயிற்று. வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் சில சீமான்களிடம் இருந்தன. மற்றவர்களுக்கு ஹெரால்டும் ஃபியட்டுமே கதி. குடும்பக் காரின் ஆசனங்களைக் கழற்றி எடையைக் குறைத்து, சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டி, கார்புரேட்டரை மாற்றி, சனிக்கிழமை வரை ஆபீசுக்குப் போன வண்டியை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு அனுப்புகிற கலை அங்கே வளர்ந்தது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஊசலாடும் அச்சில் அமைந்தவையாதலால், வளைவில் வேகமாகத் திரும்பும்போது உட்புறம் மடங்கி வண்டியைத் தூக்கியடிக்கும் துர்க்குணம் அதற்கு உண்டு. குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கின் வளைவைக் குறைத்துப் பின்பக்கத்தைத் தாழ்த்துவதே உலகெங்கும் பந்தயக்காரர்கள் அதற்குக் கண்ட பரிகாரம். வண்டலூர்க்காரர்களும் 1972-இல் கெஸல் என்ற வாரிசை வெளியிட்டபோது, ஊசல் அச்சையே விட்டுவிட்டுச் சாதாரணமான ஒற்றை அச்சைப் பூட்டினார்கள்.

சோழவரத்தில் முளைத்த வித்தை கோயம்புத்தூரில் கனிந்தது. பந்தய வீரரும் யந்திர நிபுணருமான கரிவரதன், மாருதி 800-இன் 796 அளவு யந்திரத்தைக் கொண்டு 1988-இல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை ஆசனப் பந்தயக் காரை உருவாக்கி, சீமான்களின் விளையாட்டை இளைஞர்கள் எட்டக்கூடிய விலைக்குக் கொண்டு வந்தார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் பிரத்தியேகமான ஓடுகளம் ஏற்பட்டது. 1995-இல் விமான விபத்தொன்றில் அகாலமாக மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கிய களம் பின்னர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் எழுந்தது. இலேசான வண்டி, எளிய யந்திரம், உள்ளூர் உறுப்பு என்ற மூன்றையும் அவர் இணைத்த விதத்தில் ஹெரால்டுகாலத்துப் பட்டறைப் புத்தியின் சாயலைத் தெளிவாகக் காணலாம்.

ஆனால் ஹெரால்டை ஈன்ற ஆலைக்கு நற்காலம் வாய்க்கவில்லை. கெஸல் 1977-இல் நின்றது. 1985-இல் ரோவரின் உடம்பில் பழைய வான்கார்டு யந்திரத்தை வைத்து வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 மூன்றே ஆண்டுகளில் ஓய்ந்தது. கம்பெனி மறைந்தபின் அதன் வண்டிகள் தெருவில் ஓடின என்றால், அவற்றின் ஆயுளை நீட்டித்தது ஆலை அன்று, வீட்டு முற்றமும் தெருமுனைப் பட்டறையும்தான். மாருதியின் வருகையோடு மில்லிமீட்டர் ஸ்பானர்கள் வந்தன. அங்குல ஸ்பானர்ப் பெட்டி மூலையில் ஒதுங்கியது. இன்னும் சில மெக்கானிக்குகள் அந்தப் பெட்டியை விற்காமல் வைத்திருப்பதாலேயே ஹெரால்டுகள் பிழைத்திருக்கின்றன.

புதிய இடையூறுகளும் வந்தவண்ணம் உள்ளன. 2000-ஆம் ஆண்டு முதல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. ஈயத்தின் பாதுகாப்பில் பழகிய பழைய வால்வு இருக்கைகள் தேய்வதால், ஹெட்டைக் கழற்றும்போது கடினமான இருக்கைகளை இறக்கிக்கொள்வது விவேகம். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரை ஊறச் செய்யும், டாங்க்கின் அடியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கார்புரேட்டருக்குக் கொண்டு வரும். ஆகவே குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுவதே முதற்கடமை. 2021-இல் மத்திய அரசு ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் புராதன வண்டிகளாகத் தனி எண் வரிசையில் பதிவு செய்ய விதி வகுத்தது. பதிவுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய், செல்லுபடியாகும் காலம் பத்து ஆண்டு. ஆபீசுக்கும் கடைக்கும் தினந்தோறும் ஓட்ட அதில் அனுமதி இல்லை. கண்காட்சி, பவனி, பழுது பார்க்கப் போய் வருதல் ஆகியவற்றுக்கே இடம் உண்டு. கடைசி ஹெரால்டுகளும் இன்று அந்த வயதை எட்டிவிட்டன.

சட்டம் வண்டிக்குப் புராதனப் பொருள் என்ற மரியாதையைத் தந்துவிட்டது. வண்டியைப் பிழைக்க வைத்த கைக்கு அத்தகைய பதிவேடு எதுவும் இல்லை. காட்சிசாலையில் நிற்கும் காருக்கு மெருகேற்ற ஆள் கிடைப்பது சுலபம். ட்ரன்னியனுக்கு ஆயிலா கிரீஸா என்று சொல்லத் தெரிந்தவர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். தேர் ஓடும் ஊர்களில், தேரைக் காப்பதென்றால் அதன் தச்சனையும் காப்பது என்ற நியாயம் எழுதாமலே வழங்கி வந்திருக்கிறது. மோட்டார் விஷயத்திலும் அதைக் கைக்கொள்ள வேண்டும். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள், கணினியால் குறை காணும் புது வண்டிகளோடு கூட, பிரித்துப் பூட்டக்கூடிய பழைய யந்திரம் ஒன்றையும் மாணவர் கைக்குக் கொடுத்து, ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரை அதற்கு ஆசிரியராக அமர்த்தலாம். செலவு அதிகம் ஆகாது. முழுதும் கழற்றி, முழுதும் பூட்டி, ஸ்டார்ட்டாகும் வரை விடாமல் நின்ற மாணவன், பின்னாளில் மின்சார வண்டியைத் தொட்டாலும் பயப்பட மாட்டான்.